நூறு ரூபாய் வெட்டும் ஓர் ஆட்சியின் உயிரும்: பட்ஜெட் திருத்தங்களுக்கு எப்படி வாக்களிக்கலாம்?

2010 ஏப்ரல் 27 அன்று மக்களவையில் எதிர்க்கட்சிகளின் வெட்டுத் தீர்மானங்கள், அதாவது அரசு கேட்கும் தொகையைக் குறைக்கக் கோரும் தீர்மானங்கள், வாக்கெடுப்புக்கு வந்தன. எரிபொருள் விலையும் உர விலையும் ஏறியதை எதிர்த்துக் கொண்டுவரப்பட்ட தீர்மானங்கள் அவை. அரசுக்கு 289 வாக்குகள், எதிராக 201. பகுஜன் சமாஜ் கட்சி அரசுக்குக் கைகொடுத்தது. விலை உயர்வைக் கடுமையாகச் சாடிக்கொண்டிருந்த சமாஜ்வாதியும் ராஷ்ட்ரிய ஜனதா தளமும் வாக்களிக்காமல் வெளிநடப்பு செய்தன. அன்றைக்கு ஜார்க்கண்ட் முதல்வராகவும் மக்களவை உறுப்பினராகவும் ஒரே நேரத்தில் இருந்தவர் சிபு சோரன். அவர் காங்கிரஸ் தலைமையிலான அன்றைய மத்திய அரசுக்கு ஆதரவாக வாக்களித்தார். ராஞ்சியில் அவருடைய ஆட்சியைத் தாங்கிக்கொண்டிருந்த பாஜக கொதித்துப்போய், ஆதரவை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. மே மாத இறுதியில் அவர் பதவி விலகினார்.

உர விலை ஏறியது நியாயமா, இல்லையா? அந்தக் கேள்விக்கு அன்று யாரும் வாக்களிக்கவில்லை. டெல்லியில் அரசு நிற்குமா என்பதற்கு வாக்களித்தார்கள்; அதன் அதிர்வில் ராஞ்சியில் ஓர் அரசு விழுந்தது.

பட்ஜெட் மீது சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் எப்படி வாக்களிக்க வேண்டும் என்பதற்கு உலகத்தில் ஒரே வழி இல்லை. நம் முறை ஒன்று. அமெரிக்க செனட்டின் முறை ஒன்று. சுவீடன் கண்டுபிடித்த முறை இன்னொன்று. நம்முடையதை மாற்ற வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு எழுகிறது. அப்போதெல்லாம் "உறுப்பினர்களுக்குத் திருத்தும் அதிகாரம் வேண்டும்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதிகாரத்தைவிட முக்கியமாக எனக்குப் படுவது, ஒரு வாக்கு எவ்வளவு கனமாக இருக்கிறது என்பது. ஒரு திருத்தத்துக்கு வாக்களித்தால் ஆட்சியே கவிழும் என்றால், யாரும் மனசாட்சிப்படி வாக்களிக்க மாட்டார்கள். வாக்களித்தாலும் ஒன்றும் நடக்காது என்றால், கண்டபடி வாக்களிப்பார்கள். மூன்று முறைகளையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் நம்முடையது. அரசியலமைப்பின் 113ஆவது பிரிவு மக்களவைக்கு மூன்று உரிமைகளைத் தருகிறது: மானியக் கோரிக்கையை, அதாவது துறைகளின் செலவுக்காக அரசு கேட்கும் தொகையை, ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்து ஏற்கலாம். கூட்ட முடியாது. மாநிலச் சட்டமன்றங்களுக்கு 203ஆவது பிரிவு இதையே சொல்கிறது. வட்டி, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்ற செலவுகளைப் பற்றிப் பேசலாம், அவை வாக்கெடுப்புக்கு வராது. வாக்கெடுப்புக்கு வருகிற தொகையில் குறைக்கக் கேட்பதுதான் வெட்டுத் தீர்மானம். அதில் மூன்று வகை. கொள்கையையே ஏற்கவில்லை என்றால் 'தொகை 1 ரூபாயாகக் குறைக்கப்பட வேண்டும்' என்று கேட்பார்கள். சிக்கனம்தான் நோக்கம் என்றால் இவ்வளவு ரூபாய் குறையுங்கள் என்று ஒரு தொகையைச் சொல்வார்கள். குறிப்பிட்ட ஒரு குறையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் 'தொகையில் 100 ரூபாய் குறைக்கப்பட வேண்டும்'.

நூறு ரூபாய்! பல ஆயிரம் கோடி ரூபாய் கேட்கும் ஒரு துறையில் அது கணக்கிலேயே வராது. ஆனால் அந்த நூறு ரூபாய் வெட்டு நிறைவேறினால் அரசு பெரும்பான்மையை இழந்துவிட்டது என்றுதான் பொருள் கொள்கிறோம். நிதி விஷயத்தில் தோற்ற அரசு பதவியில் நீடிக்கக் கூடாது என்ற மரபு பிரிட்டனிலிருந்து நமக்கு வந்தது. அதன்மேல் 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்து உட்கார்ந்தது. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகலாம். ஆக, ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் தன் தொகுதியின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர்கள் இல்லை என்று மனமாரக் குமுறினாலும், அந்தக் குமுறலை வாக்காக மாற்ற முடியாது. எதிர்க்கட்சி உறுப்பினரால் முடியும்; தோற்கப்போகிறோம் என்று அவருக்கும் தெரியும்.

தமிழ்நாடு சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை நாட்களைக் கவனிப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. துறை வாரியாக விவாதம் நடக்கும். எதிர்க்கட்சியினர் வெட்டுத் தீர்மானம் கொடுத்திருப்பார்கள். அமைச்சர் பதிலுரையில் புதிய அறிவிப்புகளை அடுக்குவார். மறுநாள் செய்திகளில் அந்த அறிவிப்புகள்தான் வரும். கடைசியில் வெட்டுத் தீர்மானங்களைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொள்வார். குரல் வாக்கெடுப்பு நடக்கும், கோரிக்கை நிறைவேறும். அன்று அவையில் யார் 'ஆம்' என்றார், யார் 'இல்லை' என்றார், யார் வாயே திறக்கவில்லை என்பது எங்கும் பதிவாவதில்லை.

டெல்லியில் இந்த அளவு விவாதம்கூடப் பல துறைகளுக்குக் கிடைப்பதில்லை. குறித்த நாளில் குறித்த நேரம் வந்ததும், விவாதிக்கப்படாத எல்லா மானியக் கோரிக்கைகளையும் சபாநாயகர் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுவார். இதற்குப் பெயர் கில்லட்டின். 2018 மார்ச்சில் அமளிக்கு நடுவே 99 கோரிக்கைகள், 89.25 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டம், நிதி மசோதா எல்லாம் சேர்ந்து சுமார் அரை மணி நேரத்தில் விவாதமே இல்லாமல் நிறைவேறின. 2023 மார்ச்சிலும் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் விவாதமின்றி ஒப்புதல் பெற்றது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. மக்களின் பணத்தைச் செலவழிக்க மக்களின் பிரதிநிதிகளிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதற்காகத்தானே இந்த அவையே இருக்கிறது?

நம் முறைக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. யார் பட்ஜெட் என்பதில் குழப்பம் இருக்காது. பட்ஜெட் சரியில்லை என்றால் அரசைக் கேட்கலாம். "அவை திருத்திவிட்டது, நான் என்ன செய்ய" என்று நிதியமைச்சர் கைகழுவ முடியாது. செலவைக் கூட்டும் உரிமை உறுப்பினர்களுக்கு இல்லாததால், ஆளாளுக்குத் தன் தொகுதிக்கு ஒரு பாலம் சேர்த்து மொத்தக் கணக்கை ஊதிவிடுவதும் நடக்காது.

அப்புறம் அமெரிக்கா. அங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டம் பட்ஜெட் தீர்மானம் என்ற ஒன்றை உருவாக்கியது. இரு அவைகளும் சேர்ந்து வரவு, செலவு, கடன் ஆகியவற்றுக்கு வரம்பு போட்டுக்கொள்ளும் தீர்மானம் இது. ஜனாதிபதியின் கையெழுத்துக்குப் போகாது, சட்டமும் ஆகாது. செனட்டில் இதன் மீதான விவாதத்துக்கு 50 மணி நேர வரம்பு உண்டு. பேசிப் பேசியே முடக்கும் வேலை இங்கே செல்லாது, சாதாரணப் பெரும்பான்மை போதும். 50 மணி நேரம் முடிந்த பிறகும் உறுப்பினர்கள் திருத்தங்களைக் கொண்டுவரலாம், விவாதம்தான் கிடையாது. வழக்கமாக ஆளுக்கு ஒரு நிமிடம் ஆதரித்தும் எதிர்த்தும் பேச ஒப்புக்கொள்வார்கள், உடனே வாக்கெடுப்பு. இரவு முழுக்க ஒன்றன் பின் ஒன்றாக இப்படியே ஓடும். 'வோட்-அ-ராமா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒரே அமர்வில் 40க்கும் மேற்பட்ட வாக்கெடுப்புகள் நடந்ததும் உண்டு. 2021 பிப்ரவரி 5 அதிகாலை இப்படி ஒரு நீண்ட இரவின் முடிவில் தீர்மானம் 50க்கு 50 என்று நின்று, துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸின் வாக்கால் நிறைவேறியது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு வாக்கும் பெயரோடு பதிவாவது. எழுத்தர் பெயரைக் கூப்பிடுகிறார். உறுப்பினர் மேசைக்கு அருகில் வந்து கட்டைவிரலை மேலே காட்டுகிறார், அல்லது கீழே. 2021 மார்ச்சில், பட்ஜெட் தீர்மானத்தின் தொடர்ச்சியாக வந்த மசோதாவில், குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலர் ஆக்கும் திருத்தத்தை பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்தார். 42க்கு 58 என்று தோற்றது. ஆளும் ஜனநாயகக் கட்சியின் அணியிலேயே 8 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களில் ஒருவரான அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமா கட்டைவிரலைக் கீழே காட்டிய காட்சி நாடு முழுக்கப் பரவியது. அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு விஷயம். அரிசோனாவில் மணிக்கூலிக்கு வேலை செய்யும் ஒருவருக்குத் தன் செனட்டர் தன் கூலி விஷயத்தில் என்ன செய்தார் என்று தெரிந்துவிட்டது. அதே நேரத்தில் ஆளுங்கட்சி இந்தத் திருத்தத்தில் தோற்றும், அரசு கவிழவில்லை. மசோதா மேலே நகர்ந்தது. நம் ஊரில் இந்த இரண்டும் சேர்ந்து நடக்க வழியே இல்லை.

சரி, அப்படியானால் இதையே எடுத்துக்கொள்ளலாமே என்றால், அதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். பட்ஜெட் தீர்மானத்தின் மேல் வரும் திருத்தங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சட்ட வலு இல்லை. 'பற்றாக்குறையைக் கூட்டாத ஒதுக்க நிதி' என்ற பெயரில் எந்தக் கொள்கையையும் ஒரு திருத்தமாக எழுதிக் கொண்டுவந்துவிடலாம். ஒரு டாலர்கூட இடம் மாறாது. 2021 ஆகஸ்டில் இதன் உச்சத்தைப் பார்த்தோம். காவல் துறைக்கான நிதியை வெட்டும் உள்ளாட்சிகளுக்கு மத்திய நிதியைக் குறைக்க வேண்டும் என்று அலபாமாவின் டாமி டூபர்வில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஜனநாயகக் கட்சியினரைச் சங்கடத்தில் மாட்டுவதுதான் நோக்கம். நியூஜெர்ஸியின் கோரி புக்கர் எழுந்து, இது எங்களுக்குக் கிடைத்த பரிசு என்று உற்சாகமாக வரவேற்றுப் பேச, 99க்கு 0 என்று நிறைவேறியது. யார் ஜெயித்தார்கள்? இரண்டு பக்கமும் தேர்தல் விளம்பரத்துக்கு ஒரு வரி கிடைத்தது. பட்ஜெட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எல்லாத் திருத்தங்களும் இப்படி வீண் என்று சொல்ல மாட்டேன். அதே ஆண்டு பிப்ரவரியில், கொரோனா நிவாரணப் பணம் வசதியானவர்களுக்குப் போகக் கூடாது என்ற திருத்தம் 99க்கு 1 என்று நிறைவேறியது. அடுத்த மாதம் வந்த சட்டத்தில், தனிநபர் வருமானம் 80,000 டாலரைத் தொட்டதும் நிவாரணம் நின்றுவிடும் என்று வரம்பு இறுக்கப்பட்டது. வலு இல்லாத வாக்குக்கூட அவையின் மனநிலையை முன்கூட்டியே காட்டிவிடும். ஆனால் விடிய விடியக் கண் எரிய உட்கார்ந்து, ஒரு நிமிடம் கேட்டு ஒரு கொள்கையை முடிவு செய்வது பட்ஜெட்டைப் பரிசீலிக்கும் முறை ஆகாது. நம் கில்லட்டினில் மொத்தமும் ஒரே மூச்சில் போகிறது. அங்கே ஒவ்வொன்றாகப் போகிறது. யோசிக்க நேரம் இல்லை என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை வேறு மாதிரி: சில்லறைத் திருத்தங்களைத் தவிர்த்து, முழு மாற்று பட்ஜெட்டுகளை மட்டும் வாக்கெடுப்புக்கு விடுவது அங்கே வழக்கம். 2015இல் பல மாற்றுகளை அடுத்தடுத்து வாக்குக்கு விட்டு, அதிக 'ஆம்' பெற்றது வெல்லும் என்று விதி வைத்துக்கொண்டார்கள். யோசனை நல்லது. ஆனால் இதை ஒழுங்கான முறையாகவே வளர்த்தெடுத்த இடம் சுவீடன்.

1990களின் தொடக்கத்தில் சுவீடன் மோசமான நிதி நெருக்கடியில் சிக்கியது. அதற்கு முன் அங்கே நாடாளுமன்றம் ஒவ்வொரு செலவாக முடிவு செய்யும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வருவதுதான் மொத்தம். யாரும் மொத்தத்துக்கு வாக்களித்ததே இல்லை என்ற நிலை. நெருக்கடிக்குப் பிறகு வரிசையைத் தலைகீழாக மாற்றினார்கள். இப்போது முதலில் மொத்த வரம்பும் 27 செலவுப் பகுதிகளுக்கான உச்சவரம்பும் ஒரே முடிவாக வாக்குக்கு வரும். எதிர்க்கட்சிகள் இந்தக் கட்டத்தில் தங்கள் முழு மாற்றை வைக்கலாம்: கல்விக்கு இவ்வளவு கூட்டு, பாதுகாப்பில் இவ்வளவு குறை, மொத்தம் இது என்று. அது முடிந்த பிறகுதான் இரண்டாவது கட்டம். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்பதை அந்தந்தக் குழு ஆராய்ந்து அவைக்குக் கொண்டுவரும். ஒன்றைக் கூட்ட வேண்டும் என்றால் அதே பகுதிக்குள் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும்.

இதில் கனமான வாக்கும் லேசான வாக்கும் பிரிந்துவிடுகின்றன. முதல் கட்டம் அரசின் தலைவிதியைத் தொடும். இரண்டாவது கட்டம் தொடாது. ஒரு நூலகத் திட்டத்துக்குப் பணத்தை மாற்றிக் கேட்கும் உறுப்பினர் ஆட்சியை ஆட்டுகிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. 2014 டிசம்பர் 3 அன்று ஸ்டெஃபான் லோஃப்வேனின் சிறுபான்மை அரசு தன் பட்ஜெட்டை முன்வைத்தது. தீவிர வலதுசாரிகளான சுவீடன் ஜனநாயகக் கட்சியினர் எதிரணியின் மாற்றுக்கு வாக்களிக்க, 182க்கு 153 என்று எதிரணி பட்ஜெட் நிறைவேறியது. புதிய அரசு எதிரணியின் கணக்கை வைத்து நாட்டை நடத்த வேண்டியதாயிற்று. 2021 நவம்பர் 24 அன்று மக்டலேனா ஆண்டர்சன் பிரதமராகத் தேர்வான அதே நாளில் 154க்கு 143 என்று எதிரணி பட்ஜெட் வென்றது. கூட்டணியிலிருந்து பசுமைக் கட்சி விலக, அவர் சில மணி நேரத்தில் பதவி விலகினார். சில நாட்களில் திரும்பவும் தேர்வாகி, எதிரணி நிறைவேற்றிய பட்ஜெட்டோடு ஆட்சியைத் தொடங்கினார். யார் பட்ஜெட்டுக்கு யார் பொறுப்பு என்ற குழப்பம் அங்கே நிஜமாகவே வந்துவிட்டது. நம் முறையின் பெரிய பலம் இதுதான் என்று மேலே சொன்னேன். சுவீடன் அதை ஓரளவு இழந்திருக்கிறது.

என் தேர்வு இதுதான். சுவீடனின் இரண்டு கட்ட வரிசையை எடுத்துக்கொள்ள வேண்டும், அமெரிக்காவின் பெயர்ப் பதிவை அதோடு சேர்க்க வேண்டும், செலவைக் கூட்டக் கூடாது என்ற நம் விதியை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். மொத்த பட்ஜெட் மீதான முதல் வாக்கு நம்பிக்கை வாக்காகவே இருக்கட்டும். அதில் கொறடாவும் இருக்கட்டும். துறைகளுக்குள் வரும் வெட்டுத் தீர்மானங்களிலிருந்து கொறடாவை எடுத்துவிடுங்கள்.

இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று பயப்பட வேண்டியதில்லை. கட்சித் தாவல் தடையைச் சொல்லும் பத்தாவது அட்டவணை, வாக்கு விஷயத்தில், கட்சி இட்ட உத்தரவை மீறினால்தான் பாயும். கட்சி உத்தரவே இடவில்லை என்றால் மீறலும் இல்லை. நூறு ரூபாய் வெட்டுகளுக்குக் கொறடா உத்தரவு கிடையாது, அவற்றில் தோற்றால் அரசு பதவி விலகாது என்று அவைத் தலைவர்களும் கட்சிகளும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால், அடுத்த கூட்டத்தொடரிலேயே தொடங்கலாம்.

இரண்டாவது, குழுக்கள். 1993இல் துறைசார் நிலைக்குழுக்கள் 17 அமைக்கப்பட்டன, இப்போது 24. பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் இவை மானியக் கோரிக்கைகளை ஆராய்கின்றன. கேமரா இல்லாத அறை; கொறடாவும் இல்லை. கட்சி வேறுபாட்டைத் தாண்டி உருப்படியாகப் பேசும் இடம் இதுதான். ஆனால் இந்தக் குழுக்களின் அறிக்கை வெட்டுத் தீர்மானத்தின் தன்மையுள்ள எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று மக்களவை விதியே கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். 31 உறுப்பினர்கள் உட்கார்ந்து, அதிகாரிகளைக் கேள்வி கேட்டு, "இந்தத் திட்டத்துக்குப் போன ஆண்டு கொடுத்த பணமே செலவாகவில்லை, இத்தனை கோடியைக் குறைக்கலாம்" என்று எழுதினால், அது அப்படியே பெயர்ப் பதிவுள்ள வாக்கெடுப்புக்கு வரட்டும். குறைத்த தொகையை வேறிடத்துக்கு மாற்ற அரசு விரும்பினால் அரசே கோரிக்கை கொண்டுவரும். 113ஆவது பிரிவு மீறப்படாது. மாநிலங்களில் இதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது: கேரளத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன, மானியக் கோரிக்கைகள் அவற்றுக்குப் போகின்றன. தமிழ்நாட்டில் மதிப்பீட்டுக் குழுவும் பொதுக் கணக்குக் குழுவும் இருந்தும், வாக்களிக்கும் முன் ஒவ்வொரு துறையின் கோரிக்கையையும் பிரித்துப் பார்க்கும் இப்படியொரு ஏற்பாடு இல்லை.

எல்லாக் கோரிக்கைக்கும் பெயர்ப் பதிவு வாக்கெடுப்பு நடத்தினால் நேரம் போதாது என்பார்கள். மக்களவையில் ஒரு டிவிஷனுக்கு, அதாவது பெயர்ப் பதிவுள்ள வாக்கெடுப்புக்கு, மணி அடிப்பது மூன்றரை நிமிடம். அப்புறம் கதவுகள் மூடப்படும், உறுப்பினர்கள் பொத்தானை அழுத்துவார்கள், பலகையில் எண்ணிக்கை தெரியும். அதிகமாகப் போனால் பத்து நிமிடம். எல்லாவற்றுக்கும் வேண்டாம். எதிர்க்கட்சிகள் சேர்ந்து ஒரு கூட்டத்தொடருக்குப் பத்துப் பன்னிரண்டு வெட்டுகளைத் தேர்ந்தெடுக்கட்டும். நல்ல வெட்டுக்கு மட்டும் அந்த இடத்தைச் செலவழிப்பார்கள். எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் வோட்-அ-ராமாவின் விளம்பர வேலையும் தானாகக் குறையும். வாக்கெடுப்பு கேட்டால் தந்தாக வேண்டும் என்பதும் உறுதியாக வேண்டும். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்களில் மாநிலங்களவை எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் குரல் வாக்கெடுப்பிலேயே முடிக்கப்பட்டதை நாடே பார்த்தது.

கொறடாவைத் தளர்த்தினால் குதிரை பேரம் வரும் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1967க்குப் பிந்தைய கட்சித் தாவல்களைப் பார்த்தவர்கள் அந்தச் சட்டத்தை ஏன் கேட்டார்கள் என்பது புரிகிறது. ஆனால் விலைக்கு வாங்குபவர்கள் ஆட்சியை மாற்றக்கூடிய வாக்கைத்தான் வாங்குவார்கள். அது முதல் கட்டத்தில், கொறடாவின் காவலில் இருக்கிறது. நூறு ரூபாய் வெட்டுக்கு வாக்களிப்பவரை வாங்கி யாருக்கு என்ன லாபம்? பெரிய தொகையைக் குறிவைக்கும் சிக்கன வெட்டுகளில் மட்டும் ஆபத்து இருக்கிறது. ஒரு திட்டம் நின்றால் லாபமடையும் நிறுவனங்கள் இருக்கத்தான் செய்யும். அதனால் சிக்கன வெட்டு குழுவின் பரிந்துரையோடு மட்டுமே வரலாம் என்று வைக்கலாம். நூறு ரூபாய் வெட்டை மட்டும் எந்த உறுப்பினரும், ஆளுங்கட்சிக்காரர் உட்பட, தன் பெயரில் கொண்டுவந்து தன் பெயரில் வாக்களிக்கட்டும். அடுத்த தேர்தலில் தொகுதிக்கு வரும்போது, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் நிற்பவர்கள் அந்தப் பதிவேட்டைக் காட்டிக் கேட்கட்டும்.